விமானியின் தோற்சட்டையும் அதன் விலையும்

ஒரு தோற்சட்டைக்கு ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் கொடுப்பது தக்கதா என்னும் வினா மேனாடுகளிலும் ஜப்பானிலும் பலரால் எழுப்பப்பட்டு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் அணிந்த சட்டையை, அதே தோல், அதே வெட்டு, அதே தையல் என்று சிறிதும் பிசகாமல் இன்று கைவினைஞர் சிலர் செய்து விற்கின்றனர். இருநூறு டாலருக்குச் சாதாரணத் தோற்சட்டை கிடைக்கும்போது, அதனைப்போல் ஐந்து மடங்கும் பத்து மடங்கும் கொடுத்து இதனை வாங்குவோர் உளர். அவர்களைப் பித்தர் என்பர் சிலர். தரமறிந்தோர் என்பர் வேறு சிலர்.

நம்மில் பெரும்பாலோர் அத்தகைய சட்டையை வாங்கப்போவதில்லை. நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டுவதுமில்லை. ஆயினும் இதனை நாம் ஆராயப் புகுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளின் விலையில் எவ்வளவு உழைப்புக்கு உரியது, எவ்வளவு வேட்கைக்கு உரியது என்பதை இந்தச் சட்டையைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்று அரிது. மேலும், தோற்றொழில் என்னும் சொல் நம் செவிக்குப் புதியதன்று.

சட்டையின் வரலாறு

விமானம் ஆயிரம் மீட்டர் உயருந்தோறும் ஏறத்தாழ ஆறரை டிகிரி அளவுக்குக் காற்றின் வெப்பம் குறையும். முற்கால விமானங்களில் விமானியின் தலைக்குமேல் மூடியும் இல்லை. காற்றையும் குளிரையும் தடுக்கவல்ல உடை அவனுக்கு உயிர்க்காப்பாக இருந்தது. அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு 1927-ஆம் ஆண்டில் ஏ-1 என்னும் தோற்சட்டையை மேற்கொண்டது. பொத்தான்களுக்குப் பதிலாக ஜிப்பும், பின்னற் கழுத்துக்குப் பதிலாகத் தோற்கழுத்தும் பெற்று 1931-ஆம் ஆண்டில் ஏ-2 வந்தது. இன்று பெருவிலைக்குப் போற்றப்படுவது பெரும்பாலும் இந்த ஏ-2வின் மறுபடியே. மிகுந்த உயரத்தில் பறப்போர்க்கு இது போதாது. அவர்கள் கம்பளி நீங்காத செம்மறியாட்டுத் தோலாலான கனத்த சட்டைகளை அணிந்தனர்.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மனங்கொள்ள வேண்டும். அன்றைய ஏ-2 ஆடம்பரப் பொருளன்று. அரசு ஒப்பந்தம் கோரியது. பல ஆலைகள் விலை கூறின. தையலாலைகளில் இயந்திரங்களின்முன் வரிசையாக அமர்ந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தைத்துக் குவித்தனர். குதிரைத் தோல் மிகுதியாகப் பயன்பட்டதற்கும் காரணம் எளியது. வண்டியும் கலப்பையும் இழுத்த குதிரைகள் அக்காலத்து அமெரிக்காவில் நிரம்ப இருந்தன. ஆதலின் அவற்றின் தோலும் எளிதிற் கிடைத்தது. போர் முற்றிய 1943-ஆம் ஆண்டில் படைத்தலைமை தோற்சட்டை வாங்குவதை நிறுத்தித் துணிச்சட்டைக்கு மாறியது. தோல் விமானிக்கு இன்றியமையாததாக இருந்த காலம் அவ்வளவே. பிற்காலத்தில், 1988-ஆம் ஆண்டில், அமெரிக்க வான்படை ஏ-2வை ஆட்டுத்தோலில் மீண்டும் வழங்கத் தொடங்கியது; அது பெரிதும் மரபையும் பெருமிதத்தையும் கருதியே.

ஆக, அன்று மலிவாகக் கிடைத்த தோலில், ஆலையில் விரைந்து தைக்கப்பட்ட சட்டை, இன்று அரிய தோலில், ஓரிருவர் கையால் மெல்லத் தைக்கப்படுகிறது. மூலத்தினும் மறுபடி விலையுயர்ந்ததாகிவிட்டது. இது நகைப்புக்குரியதா? உடனே நகைத்துவிடுதல் முறையன்று. விலையைப் பிரித்துப் பார்ப்போம்.

விலையின் கூறுகள்

முதலாவது, தோல். டிராக்டரும் மோட்டார் வண்டியும் வந்தபின் உழைக்கும் குதிரைகள் அருகின. அவற்றின் தோலும் அருகிற்று. இரண்டாவது, பதம். குரோமிய உப்பினால் தோலை ஓரிரு நாளில் பதனிடலாம். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவதற்கோ வாரங்களும் திங்களும் வேண்டும். அவ்வாறு பதனிட்ட தோல் அணிபவனின் உடலுக்கேற்ப மடிந்து, ஆண்டுதோறும் நிறமும் மெருகும் கூடி முதிரும். மூன்றாவது, கை. கைவேலை என்றால் ஊசி மட்டுமே கொண்டு தைப்பது என்று எண்ணற்க; தையற்பொறி இங்கும் உண்டு. ஆனால் தோலில் வடுவும் தளர்ச்சியும் உள்ள இடம் கண்டு ஒதுக்குவதும், முன்புறத்து இரு பாதிகளும் ஒத்த தோலாய் அமையுமாறு வெட்டுவதும், தையலைச் செலுத்துவதும் ஒருவரே. துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இட்ட துளை மறையாது. அந்தக் கவனத்துக்கும் விலை உண்டு.

இம்மூன்றுக்கும் கொடுக்கும் பொருளை வீண் என்று நாம் கூறமாட்டோம். மறுபுறம், மலிவான பொருளின் விலை எப்போதும் வாங்குபவனோடு முடிந்துவிடுவதில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தையும் குடிநீரையும் கெடுத்ததை நம் உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. தோல் கடல் கடந்து சென்றது. கேடு கிணற்றில் தங்கியது. மலிவாக விற்ற தோலின் மீதி விலையை அக்கரையில் வாழ்ந்தவர்கள் கொடுத்தனர். ஆகவே குறைந்த விலை என்பதனாலேயே ஒரு பொருள் குற்றமற்றது ஆகிவிடாது.

நீடித்து உழைக்கும் என்பது அடுத்த வாதம். எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரத்து ஐந்நூறு டாலர்ச் சட்டை முப்பது ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஐம்பது டாலர். இருநூறு டாலர்ச் சட்டை நான்கே ஆண்டில் கிழிந்தால் அதுவும் ஆண்டுக்கு ஐம்பது டாலரே. கணக்கு ஒத்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் இக்கணக்கு ஒருவன் ஒரே சட்டையை வாங்கி முப்பது ஆண்டு உடுத்தினால்தான் பொருந்தும். இச்சட்டை விரும்புவோருள் பலர் ஒன்றோடு நிற்பதில்லை. அந்தந்த ஒப்பந்த ஆலையின் கழுத்து வெட்டு வேறு, பை வேறு, நிறம் வேறு என்று கூறி ஐந்தும் பத்தும் சேர்க்கின்றனர். மனிதனுக்கு முதுகு ஒன்றுதான். இரண்டாம் சட்டை வந்த அன்றே நீடித்த உழைப்பு என்னும் வாதம் வலியிழக்கிறது.

இங்கே சுல்லவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. உதயண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை ஈந்தனர். ஒரு துறவிக்கு இத்தனை எதற்கு என்று மன்னன் ஐயுற்று வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகளை என்செய்வீர் என்றான் மன்னன். அவை விரிப்பாகும், பின்னர் மெத்தையுறையாகும், பின்னர் கால்துடைக்கும் துணியாகும், அதுவும் நைந்தால் மண்ணோடு பிசைந்து சுவருக்குப் பூசப்படும் என்றார் அவர். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை அளித்தான். எண்ணிக்கை பெரிது என்பதனால் அவன் குறைகூறவில்லை. ஒவ்வொரு இழையும் பயன்படுவதைக் கண்டு நிறைவுற்றான். பெட்டிக்குள் தொங்கும் பத்துச் சட்டைகளுக்கு இவ்விடை கூற இயலுமா?

தோலும் உயிரும்

உயிர்க்கொலையின் பயனாகிய தோலை நாம் அணியலாமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். இதற்கு வினயமே வழி காட்டுகிறது. மகாவக்கத்தில் தோலைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அழகிய புள்ளிகளையுடைய கன்று ஒன்றைக் கண்டு ஒரு பிக்கு அதன் தோலை விரும்பினார். அதற்காகவே கன்று கொல்லப்பட்டது. தோலை மறைத்துக்கொண்டு அவர் நடக்க, தாய்ப்பசு அவர் பின்னாலேயே சென்றது. செய்தி அறிந்த பகவான் அச்செயலைக் கடிந்து தோலைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தார். ஆயினும் அதே பகுதியில், தரை கரடாகவும் முரடாகவும் உள்ள அவந்தி முதலிய எல்லைப்புற நாடுகளில் வாழும் பிக்குகள் ஆட்டுத் தோலையும் மான் தோலையும் விரிப்பாகக் கொள்ள இசைவும் அளித்தார். கன்றின் தோலை நாடியது கண்ணின் ஆசை. அவந்தியில் தோலை நாடியது உடலின் தேவை. பொருள் ஒன்றாயினும் அதனை நாடும் மனம் வேறு. அதனால் தீர்ப்பும் வேறாயிற்று.

இந்த அளவுகோலைச் சட்டைக்கும் வைத்துப் பார்க்கலாம். குளிர்நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்குத் தோற்சட்டை தேவையே. ஆனால் வாங்குவோர் பலர் தேடுவது கதகதப்பையன்று. போர்க்கால விமானிகள் தம் சட்டையின் முதுகில் விமானத்தின் பெயரை எழுதினர். சென்று வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சிறு குண்டின் வடிவைத் தீட்டினர். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாவது வான்படையில் மட்டும் இருபத்தாறாயிரம் பேர் மாண்டனர். குண்டு விழுந்த ஊர்களில் மாண்டோர் அதனினும் பலர். இன்று அந்தக் குண்டு வடிவங்களையும் தீட்டி, புதுத்தோலைத் தேய்த்துப் பழையதாக்கி விற்போர் உள்ளனர். செல்லாத போரின் வடுவையும், அடையாத அச்சத்தின் புகழையும் விலைகொடுத்து வாங்கலாம் என்று எண்ணுவது மயக்கம். விலையின் இக்கூறு தோலுக்கும் சேராது, கைக்கும் சேராது. இதற்கு ஒரு டாலரும் மிகையே.

கையின் மதிப்பு

இனி நம் நெஞ்சுக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். இச்சட்டைகளை மிகுந்த நுட்பத்தோடு செய்யும் நாடுகளுள் ஜப்பான் முன்நிற்கிறது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானங்களின் குண்டுகளால் எரிந்த கோபே நகரத்திலேயே இன்று அமெரிக்க விமானிகளின் சட்டைக்கு மறுபடி செய்கின்றனர். அருகிலுள்ள ஹிமேஜி, தோல் பதனிடுதலில் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர். அங்குப் பதனிட்ட குதிரைத் தோலை உலகெங்கும் போற்றுகின்றனர்.

அத்தோலைப் பதனிட்டவர்கள் யாவர்? ஜப்பானில் தோலும் பிணமும் தீண்டும் தொழில்கள் சில குடிகளுக்கே பிறப்பால் விதிக்கப்பட்டிருந்தன. அழுக்கு மிக்கவர் என்று பொருள்படும் எழுத்துகளால் அவர்கள் பெயர் எழுதப்பட்டது. ஊருக்கு வெளியே அவர்கள் ஒதுக்கப்பட்டனர். 1871-ஆம் ஆண்டு அரசாணை அவ்விழிநிலையைச் சட்டத்தில் நீக்கியது. ஆனால் திருமணத்திலும் வேலையிலும் அது நீடித்தது. 1922-ஆம் ஆண்டில் அவர்கள் கியோத்தோ நகரில் கூடி, சமநிலைச் சங்கம் என்று பொருள்படும் சுய்ஹெய்ஷா இயக்கத்தைத் தோற்றுவித்தனர். பௌத்தம் வேரூன்றிய அந்நாட்டில், கோயில்கள் சில இறந்தோர்க்கு இடும் பெயரிலுங்கூட இழிவுக் குறி சேர்த்திருந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. பின்னாளில் பௌத்தப் பிரிவினரே அதனை ஒப்புக்கொண்டு வருந்தினர். பௌத்தம் என்னும் பெயர் மட்டும் சாதியைக் கரைத்துவிடாது. பௌத்தராய் ஒழுகுவோரே கரைக்க வேண்டும்.

நம் நாட்டில் இக்கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பறைக்குத் தோல் கட்டியவனை ஒதுக்கிவிட்டுப் பறையொலியை மட்டும் விழாவுக்கு அழைத்த சமூகம் இது. சாதி என்பது தொழிற்பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே மேல்கீழாகப் பிரிப்பது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தோற்றொழிலில் இழிவு இல்லை. பிறப்பைக் காட்டி ஒருவன்மேல் அதனைச் சுமத்துவதிலும், சுமந்தவனை வெறுப்பதிலுமே இழிவு உள்ளது.

ஆதலின், கைவேலை என்று கூறி ஆயிரம் டாலர் கொடுப்பவனை நாம் எள்ளவில்லை. அவன் கையின் மதிப்பை ஓரளவேனும் உணர்ந்தவன். ஆனால் அவன் போற்றுவது எந்தக் கையை? வெட்டித் தைத்தவனின் பெயரை அவன் அறிவான். தோலை நீரில் அலசி, மயிர் நீக்கி, நாற்றத்தில் நின்றவனின் பெயரை அறிவானா? கொடுத்த விலையில் அவனுக்குச் சேர்ந்தது எவ்வளவு?

முடிவு

கைத்தொழிலால் ஆகிய விமானிச் சட்டை விலைக்குத் தகுமா எனின், ஒருவகையில் தகும், ஒருவகையில் தகாது என்பதே நம் விடை. நல்ல தோலுக்கும், பொறுத்துச் செய்த பதத்துக்கும், தவறாத கைக்கும் கொடுத்த பொருள் தகும். வீரத்தின் நிழலுக்கும், பிறரிடம் இல்லாதது என்னிடம் உண்டு என்னும் செருக்குக்கும், பத்தாவது சட்டைக்கும் கொடுத்தது தகாது.

வாங்குவோன் ஒன்றே வாங்குக. வாங்கியதை உடுத்துக; கிழிந்தால் தைத்து உடுத்துக; தனக்கு வேண்டாதபோது குளிரில் வாடுவோனுக்கு ஈக. பதனிட்டவன் கூலி என்ன, அவன் ஊர்க் கிணற்று நீர் எத்தகையது என்று விற்பவனைக் கேட்டறிக. அதன்பின், அந்தத் தோலைப் பதனிட்டவன் தன் வீட்டு வாயிலில் வந்து நின்றால், அவனை உள்ளே அழைத்து உடன் அமர்ந்து உண்ணத் தனக்கு மனம் உண்டா என்று தன்னைத் தானே வினவிக்கொள்க. மனம் இல்லையெனின், அச்சட்டை அவனுக்கு எந்த விலையிலும் தகுந்ததன்று.