சோனகத் தெருக்காரர்

1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறானவர் என்பது அவருடைய வாதம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. மறு ஆண்டே அந்த இடம் கிடைத்தது. ஆனாலும் வாதம் ஓயவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பு எழுதினார்: நாங்கள் தனி இனத்தவர், எங்கள் வேர் அரபு நிலத்தில் இருக்கிறது.

இருவரில் யார் சரி என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த என்னை உறுத்துவது வேறொன்று. ‘நீங்களும் தமிழரே’ என்று சொந்தம் கொண்டாடிய சமூகத்தின் பெயராலேயே, நூறு ஆண்டு கழித்து, ‘வெளியே போங்கள்’ என்ற கட்டளையும் வந்தது.

1990 அக்டோபர் 30ஆம் தேதி. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் பகுதியான சோனகத் தெரு மக்களை ஒலிபெருக்கியில் அழைத்து ஓரிடத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்னார்கள். நகை, பணம், காணி உறுதி எல்லாம் பறிபோயின. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் அந்த மாதத்தில் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். 2002இல் கிளிநொச்சியில் புலிகள் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறை புத்தளத்திலேயே வளர்ந்துவிட்டது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவர் எம்.ஏ. நுஃமான், கல்முனைக்குடி முஸ்லிம். அந்த இழப்பைத் தன்னுடையதாக உணர அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, அதே நகரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல் கடையும் இரும்புக் கடையும் நடத்தியவர்கள் அந்நியரானார்கள். இதை எண்ணும்போதெல்லாம் என்னால் தாங்க முடிவதில்லை.

ஒருவர் தம்மைத் தமிழர் என்றோ முஸ்லிம் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளட்டும். அது அவர் பாடு. அந்தப் பதிலைப் பொறுத்து அவருடைய வீட்டு வாசல் திறக்கவோ அடைபடவோ கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். மொழி ஒன்று என்பதால் மட்டும் தரப்படும் சொந்தம், அரசியல் முரண்படும் அன்றைக்கே பறிபோய்விடும். அயலவர் என்ற உறவுக்கு இனமோ மதமோ நிபந்தனையாக முடியாது.

புத்தளத்தில் பிறந்த இளைஞர் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். “யாழ்ப்பாணம், சோனகத் தெரு” என்றார், தயங்காமல். வாப்பாவும் உம்மாவும் சொல்லித் தந்த ஊர்.

போர் முடிந்தபின் திரும்பியவர்களுக்கு இடிந்த சுவர்களும் பற்றைக்காடும்தான் மிச்சம். அன்று ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நான்கு குடும்பங்கள், காணியோ பழைய அளவுதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழிலும் புத்தளத்தில் இருப்பதால் பலர் இரண்டு இடத்திலும் வாழ்கிறார்கள். அதைக் காட்டி, ‘இவர்கள் உண்மையில் மீளக் குடியேறவில்லை’ என்று வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து ஒதுக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கொழும்பிலும் கனடாவிலும் வீடு வாங்கி, நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகும் எங்கள் உறவினர் எவரையும் யாழ்ப்பாணத்தார் அல்லர் என்று யாரும் சொன்னதில்லை.