தீர்மானிக்கும் முறையைத் தீர்மானிப்பது எவ்வாறு?

பலர் கூடி ஒரு மென்பொருளை ஆக்குமிடத்துக் கருத்து வேறுபாடு எழுதல் இயல்பே. அதனைத் தீர்க்க எம்முறை விரைவானது என்பதே பொதுவாக எழுப்பப்படும் வினா. எம்முறை நியாயமானது என்பதோ அதனினும் கடினமானது.

பைதன் என்னும் கணனி மொழியின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 1991இல் அதனை வெளியிட்ட கைடோ வான் ரொசமே ஏறத்தாழ 27 ஆண்டுகள் அதன் இறுதித் தீர்ப்பாளராக விளங்கினார். 2018 யூலையில், ஒரு சிறு குறியீட்டைச் சேர்ப்பது பற்றி எழுந்த கசப்பான விவாதத்தின் பின்னர், அவர் அப்பொறுப்பைத் துறந்தார். தமக்கு வாரிசு எவரையும் நியமித்தாரல்லர். எஞ்சியோர் முன் விசித்திரமானதோர் இடர்ப்பாடு நின்றது. தீர்மானிக்கும் முறையைத் தீர்மானிப்பதற்கும் ஒரு முறை வேண்டுமன்றோ? ஏழு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. வாக்குகளை எண்ணும் விதமே விவாதப் பொருளாயிற்று. டிசெம்பரில், ஐவர் கொண்ட வழிநடத்தும் அவை என்னும் திட்டம் வாக்கெடுப்பில் தெரிவாயிற்று. ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் இருவருக்கு மேல் அதில் அமர்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எவ். குழுவினரோ வாக்கெடுப்பை நாடுவதில்லை. நேரிற் கூடுங்கால், வாய்மூடி முரலும் ஒலியைக் கொண்டு அவையின் போக்கை அறிவதுண்டு. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், எதிர்த்தோர் எத்துணைப் பேர் என்பதன்று, எதிர்ப்புக்குத் தக்க விடை கூறப்பட்டதா என்பதே அங்கு அளவுகோல். நூற்றுவர் இசையினும், ஐவர் காட்டிய குறை ஆராயப்படாது கிடப்பின் அஃது உடன்பாடாகாது.

கொள்கையளவில் இதுவே மேலானதெனத் தோன்றும். எனினும், நெடிய வாதத்தில் நிலைத்து நிற்க ஓய்வு வேண்டும். பகலில் அலுவல் பார்த்து, இரவில் ஊதியமின்றிப் பங்களிப்பவர் இடையிலே விலகிவிடுவார். அவரது மௌனம் இசைவாகக் கொள்ளப்படும். அத்தகையோருக்கு வாக்குச்சீட்டு ஒன்றே குரல்.