தொடாத உலோகம்

2022 மார்ச் முதல் வாரத்தில் எனக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. வங்கிக் கணக்கைச் சொல்லவில்லை.

எம்.ஸி.எக்ஸ். சந்தையில் அலுமினியம் வாங்கியிருந்தேன். வாங்கினேன் என்பது பேச்சுக்குச் சொல்வது. ஒரு லாட் 5 டன். மதிப்பில் சிறு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டால் அந்த 5 டன்னின் ஏற்ற இறக்கம் முழுவதும் என்னுடையது. கடைசிவரை பிடித்து வைத்திருப்பவன் சரக்கை எடுத்தாக வேண்டும். என் போன்றவர்கள் அதற்கு முன்பே விற்றுவிட்டு வெளியேறிவிடுவோம்.

பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ரஷ்யா அலுமினியத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் நாடு. மார்ச் 7-ல் லண்டன் சந்தையில் டன் விலை 4,000 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத விலை. அந்த நாட்களில் ஒரு காலை, சமாதானப் பேச்சு என்ற செய்தியைப் படித்தபோது எனக்குள் ஏமாற்றம் ஒன்று அசைந்தது. அசைந்ததை நான் பார்த்துவிட்டேன்.

வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வாங்கியதால் ஒரு குண்டும் கூடுதலாக வெடிக்கவில்லை. அலுமினியம் போர் விமானத்துக்கும் போகிறது, இட்லிப் பானைக்கும் போகிறது. உலோகம் உருக்குகிறவருக்கு விலை சரியுமோ என்று பயம். பாத்திரப் பட்டறைக்காரருக்கு ஏறுமோ என்று பயம். அந்தப் பயங்களை வாங்கிக்கொள்ள நடுவே ஒருவன் தேவைப்படுகிறான். எல்லாம் சரிதான். ஆனால் இவை செயலைப் பற்றிய வாதங்கள். என் பிரச்னை விருப்பத்தைப் பற்றியது.

பிறர் துன்பத்தில் பிழைப்பதே பாவமென்றால் திருச்செங்கோட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். அங்கிருந்து ரிக் வண்டிகள் வடநாடு வரை போர் போடப் போகின்றன. வறட்சிதான் அவற்றுக்கு அறுவடை. ரிக் வைத்திருக்கும் நண்பரிடம் இதைக் கேட்டேன். "வறட்சி வரணும்னு சாமிகிட்ட யாரும் கேக்கறதில்லீங்க. வந்தா வண்டிய எடுக்கறோம். தண்ணி வரலைன்னா, காட்டுக்காரர் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானுங்க காசு வாங்கணும்" என்றார்.

அந்த மூஞ்சிதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. அவருடைய லாபம் புழுதியையும் இரைச்சலையும், ஆயிரம் அடியிலும் ஈரம் தட்டாத மண்ணையும் தொட்டுக்கொண்டு வருகிறது. மனம் வறட்சியை விரும்பினாலும் கை தண்ணீரைத்தான் தேடுகிறது. தண்ணீர் வந்தால் அவருக்கும் சந்தோஷம். என் லாபத்துக்குக் கை இல்லை, விருப்பம் மட்டும்தான் உண்டு. அதைத் திருத்த எதிரே ஒரு முகமும் இல்லை.

முகம் என்ன, பொருளே இல்லாவிட்டாலும் நடக்கும். லண்டன் உலோகச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற ராட்டர்டாம் கிடங்கு ஒன்றில், சுமார் 54 டன் நிக்கல் என்று கணக்கில் இருந்த மூட்டைகளில் கற்கள் இருந்தது 2023 மார்ச்சில்தான் வெளிவந்தது. அதுவரை உரிமைச் சீட்டு கல்லையும் நிக்கலையும் ஒன்றாகவே பாவித்தது.

ராசிபுரத்தில் என் வீட்டு மாடியிலிருந்து கொல்லிமலை தெரியும். அங்கும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூர் மால்கோ 1965 முதல் 2008 வரை அலுமினியம் எடுத்தது. மலைக்கு அந்த உலோகம் காயமாகத் தெரிந்தது, தொழிலாளிக்குச் சூடாக. 2019-ல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனையம். ஆயுதத்துக்கான உறுப்பு ஒன்றை இங்கே லேத்தில் கடைகிறவனுக்கு அது யார்மேல் விழும் என்பது தெரியாது. ஆனால் ஒன்றைச் செய்கிறோம் என்பது தெரியும். கேள்வி எண்ணெய்ப் பிசுக்கோடு அவன் விரலில் ஒட்டியிருக்கும். என் விரலில் எதுவும் ஒட்டவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால் யாரிடம் கொடுப்பது? எனக்கு எதிரே இழந்தவன் யாரென்று சந்தை சொல்லாது. அதன் பிறகு நான் வாங்கவில்லை. அதைப் புண்ணியமாகச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. சில மாதங்களிலேயே விலை 2,500 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. வெட்கப்பட்டு விட்டேனா, பயந்து விட்டேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.