அடைக்கலக் கட்டில்

மாரியில் கட்டில் கழற்றக் கூடாது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து மரமெல்லாம் ஈரம் குடித்துப் பருத்துவிடும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசைவதில்லை; அகலவாக்கில்தான் ஊதும். சட்டத்தின் கழுந்து கட்டிற்காலின் துளைக்குள் அப்படி ஊதிப் பிடித்துக்கொண்டால் எந்தச் சுத்தியலுக்கும் மசியாது. ஆத்திரத்தில் ஓங்கி அடித்தால் துளையின் விளிம்பு பிளக்கும். ஆடி, ஆவணி வரட்சியில் அதே கழுந்து சுருங்கி, மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினாலே வெளியே வரும். இணுவில் வீட்டை விற்பதென்று முடிவானதும் தச்சுவேலை செய்கிற ஓடாவியார் முதலில் சொன்னது இதுதான்: “தம்பி, எழுத்து எப்பவெண்டாலும் முடியுங்கோ. கட்டிலை மட்டும் ஆவணிக்குள்ள கழட்டிப்போடுவம்.” காணி எழுத, கல்யாணம் செய்ய, குடிபுக என்று எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிற ஊரில் கட்டிலுக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டது.

அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் தங்கச்சியோடு இருக்கப் போகிறார். மூன்றாம் மாடி. அங்கே அறையளவுக்கு ஒரு கட்டில் ஏற்கெனவே வாங்கிப் போட்டாயிற்று. இங்கிருந்து என்னென்ன போகவேண்டும் என்ற பட்டியலை அம்மா இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அதில் கட்டிலே இல்லை. அவருடைய சீதனக் கட்டில், முதிரை மரம், தலைமாட்டில் தாமரை வெட்டியது. அப்பா நோயில் கிடந்ததும் கண் மூடியதும் அதில்தான். (பிள்ளைகள் யாரும் அதில் பிறக்கவில்லை. இணுவிலில் 1898 முதல் மிசன்காரர் நடத்திய மக்லியட் ஆசுப்பத்திரி இருந்ததால் எங்கள் பக்கத்தில் பாதிச் சனம் பிறந்தது ஆசுப்பத்திரிக் கட்டிலில்.) “இதை என்ன செய்யிறது, அம்மா?” என்று கேட்டேன். “ஆருக்கெண்டாலும் குடு” என்றார். அரைநூற்றாண்டுக்கு மேல் படுத்த கட்டிலைப் பற்றி இவ்வளவுதான் பேச்சு. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பேச்சு முட்டியது மற்றக் கட்டிலில்.

பின் அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது. வேம்பு. அலங்காரம் ஒன்றும் இல்லாத, கனத்த கால்கள். அது எங்களுடையதல்ல. 1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியபோது படைத்தளம் இருந்த பலாலியைச் சுற்றிய ஊர்ச் சனம் தெற்கே இறங்கி வந்தது. சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில் என்று பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிரம்பின. பிறகு வீடுகள் நிரம்பின. எங்கள் வீட்டுப் பின் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. முதலில் உடுத்த உடுப்போடு வந்தார்கள். சில நாள் கழித்து, சத்தம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் அந்த ஐயா திரும்பிப் போய், மாட்டு வண்டிலில் நெல்லு மூட்டையோடு இந்தக் கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர் கட்டிலையா கொண்டுவருவார் என்று ஒழுங்கையில் சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது நான் இளந்தாரி.

1995 ஐப்பசியில் எங்கள் முறை வந்தது. ஒக்டோபர் 17இல் இராணுவத்தின் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி பின்னேரம், எல்லாரும் வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். 4 லட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது ஒரு சின்னக் கணக்குத்தான். அன்றிரவு மழை. யாராவது கட்டிலைக் கழற்ற நினைத்திருந்தாலும் கழுந்துகள் வந்திராது. அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனைக்கே இடமிருக்கவில்லை. சைக்கிள் காவுகிற அளவுதான் வாழ்க்கை. துரத்தப்படுகிறவனுக்குத் தெரிவு இல்லை. தெரிவு இல்லாததால் குற்றவுணர்ச்சியும் குறைவு. இப்போது மூன்று மாத அவகாசம், லொறி, ஓடாவியார், நல்ல வெயில் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு சாமானும் வாய் திறந்து கேள்வி கேட்கிறது.

அதே ஒக்டோபர் 30ஆம் திகதிக்கு எங்கள் மண்ணில் இன்னொரு கணக்கும் உண்டு. அதற்குச் சரியாக 5 ஆண்டுகள் முன்பு, 1990இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் அந்த ஒக்டோபரில் அப்படிப் போனவர்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களைக் கட்டில் ஏற்ற யாரும் விடவில்லை. காதில் கழுத்தில் கிடந்ததையே விடவில்லை. சோனகத்தெரு வீடுகளின் கதவும் நிலையும் தளபாடமும் பிறகு எங்கே போயின என்று எங்கள் ஊர்களில் யாரும் உரத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மற்றவர் கட்டிலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது.

பின் அறைக் குடும்பம் எங்களோடுதான் தென்மராட்சிக்கு நடந்தது. அங்கிருந்து அவர்கள் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். நாங்கள் 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் வீட்டில் கதவுகள் இல்லை. எங்கள் கட்டிலின் குறுக்குப் பலகைகள் யாருக்கோ விறகாகிவிட்டிருந்தன. கதவில்லாத பின் அறைக்குள் அவர்களுடைய வேப்பங்கட்டில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அம்மா அன்றைக்கு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார். எங்கள் கட்டிலுக்குப் பலகை போடும்வரை பல கிழமைகள் அப்படித்தான். அதில் படுங்கோ என்று சொன்னதற்கு, “அது அவையின்ர” என்ற ஒரு பதில்.

2002இல் சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்தபோது அந்த ஐயா ஒருமுறை வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தேத்தண்ணி குடித்தார், பின் அறைக்குப் போய் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். கொண்டுபோகச் சொன்னோம். “இருக்கட்டும் தங்கச்சி, ஊர் விட்டவுடன நேர அங்கதான் கொண்டுபோறது. வன்னியில வைச்சு என்ன செய்ய?” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். 2006இல் வீதி பூட்டப்பட்டது. பிறகு போர் முடிந்த 2009. அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்குக் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்ட ஒவ்வொரு தடவையும், 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விட்டபோதும்கூட, அம்மா ஆள் விட்டு விசாரித்தார். தெரிந்தவர் யாரும் இல்லை.

தேசவழமை எங்கள் சொத்துகளை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாக வகுக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் திசாவை கிளாஸ் ஐசாக் 1707இல் எழுதித் தொகுத்த வழக்கம். காணிச் சண்டையில் இன்றைக்கும் நீதிமன்றத்தில் நிற்கிறது. இந்தக் கட்டில் மூன்றிலும் அடங்காது. எங்களுக்கு வந்ததும் அல்ல, நாங்கள் தேடியதும் அல்ல. ஆனாலும் முப்பது ஆண்டுக்கு மேலாக எங்கள் வீட்டில் அதிகமாகக் கவனிக்கப்பட்ட தளபாடம் இதுதான். காலுக்கடியில் கறையானுக்கு மண்ணெண்ணெய்க் கிண்ணம் வைத்தது இதற்கு மட்டும். சீதனக் கட்டிலை உதறிவிட்ட அதே வாயால் அம்மா சொன்னார்: “அதைக் குடுக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

தன் பொருளில் பற்று விடுவதைப் பற்றி நம் சமயத்தில் எவ்வளவோ பேச்சு உண்டு. பிறர் பொருளில் வைக்கிற பற்றை எப்படி விடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்து உபதேசம் இல்லை. அது பற்றா, கடமையா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. வீட்டை விற்றால் அடைக்கலமும் முடிந்துவிடுமா? அறை எங்களுடையது, வாக்கு அறைக்குள் கொடுத்தது. அறை போனால் வாக்கும் போகும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். அம்மாவிடம் அந்த வழக்கு நிற்காது.

கழற்றும் நாளன்று ஓடாவியார் தன் உளிப்பையோடு வந்து, சீதனக் கட்டிலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தார். அதில் நீளப் போல்ட்டுகள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளிரவே மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்தோம். வேப்பங்கட்டிலில் ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை. கழுந்தைத் துளைக்குள் விட்டு, வெளியே நீட்டிய நுனிக்குக் குறுக்கே ஆப்பு இறுக்கிய பழைய வேலை. “ஆப்பு போன வழியாலதான் வரும், தம்பி. மற்றப் பக்கத்தால தட்டினா இன்னும் இறுகும்” என்று காட்டினார். அவர் கையை விடக் காதைத்தான் நம்பினார். கழுந்து இளகும்போது தட்டும் ஓசை மாறுகிறது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரில் தட்டுகிற ஓசையைப் பற்றி நான் விளக்கம் சொன்னால் சிரிப்பார்கள், விட்டுவிடுகிறேன். மரவேலையைப் பற்றி எங்கள் ஊரில் பேச்செடுத்தால் அது கந்தசுவாமி கோயில் பெருமஞ்சத்தில்தான் போய் நிற்கும். பெரிய சந்நியாசியார் முன்னின்று செய்வித்த, தைப்பூசத்தன்று வீதிக்கு வருகிற அந்த மஞ்சத்தைப் பற்றி ஓடாவியார் அரை மணி நேரம் பேசினார். வேலை அந்த அரை மணியும் நின்றது.

முதல் சட்டம் வெளியே வந்ததும் கழுந்தின் கன்னத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. ‘ஈ.’ அடுத்ததில் ‘அ.’ பிறகு ‘க’, ‘வா’. ஓடாவியார்தான் கண்டுபிடித்தார்: ஈசான மூலை, அக்கினி மூலை, கன்னி மூலை, வாயு மூலை. பலாலிப் பக்கத்து வீட்டில் அந்தக் கட்டிலின் எந்தக் கால் அறையின் எந்த மூலையைப் பார்த்து நின்றது என்ற குறிப்பு அது. தலைமாட்டுக் கால்களில் ‘அ’வும் ‘க’வும் இருந்தன, ஆகவே அங்கே தெற்கே தலைவைத்துப் படுத்திருக்கிறார்கள். எங்கள் பின் அறையில் யன்னலுக்காகக் கிழக்கே திருப்பிப் போட்டிருந்தது. ஷெல் ஓய்ந்த ஒரு காலையில், வண்டில்காரன் அவசரப்படுத்திக்கொண்டு நிற்க, அந்த மனிதர் பென்சில் தேடி எடுத்து இதை எழுதியிருக்கிறார். எந்தக் கால் எந்தச் சட்டத்துக்கு என்று தெரிய ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டாலே போதும். ஓடாவிமார் உளியால் அப்படித்தான் கீறுவார்கள், அந்தக் கீறலும் பக்கத்திலேயே இருந்தது. இவர் எழுதியது கட்டிலைப் பூட்டுவதற்கு அல்ல. திரும்பிப் போய், அதே அறையில், அதே போலப் போடுவதற்கு.

ஹோமரின் ஒடிசியில் ஒரு கட்டில் வருகிறது. வேர் விட்டு நிற்கிற ஒலிவ மரத்தையே காலாக வைத்து ஒடிசியஸ் செய்தது. இருபது ஆண்டு கழித்து வந்தவன் தன் புருசன்தானா என்று அறிய, அந்தக் கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள் பெனலோப்பி. அது அசையாது என்பது உண்மையான ஒடிசியசுக்குத் தெரிந்த இரகசியம். அசையாத கட்டில் உரிமைக்குச் சாட்சி சொன்ன கதை அது. எங்கள் கட்டில்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அசைந்து அசைந்துதான் அவை யாருடையவை என்று சொல்லவேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கிற தம்பி தொலைபேசியில் கேட்டான், ஏன் இந்தப் பாடு என்று. அங்கே வீடு மாறும்போது கட்டிலைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்களாம். சுவீடனின் ஐகியா நிறுவனம் 1956 அளவில் மேசைக் கால்களைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் விற்கத் தொடங்கி உலகத்தையே மாற்றியது உண்மைதான். ஆனால் மரத்தூளை அமுக்கிச் செய்த அந்தப் பலகையில் திருகாணி ஒருமுறைதான் நன்றாகப் பிடிக்கும்; கழற்றி மறுபடி பூட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும். பெட்டியில் வருவதற்காகச் செய்தது அது. புறப்படுவதற்காகச் செய்தது வேப்பங்கட்டில்.

அம்மாவின் எண்ணம், கழற்றிய துண்டுகளைச் சாக்கில் சுற்றி சித்தப்பா வீட்டு அறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டிய அறையில் கறையான் வரும்; துண்டுகள் ஒவ்வொரு மாரியிலும் தனித்தனியே வளைந்து, பிறகு ஒன்றோடொன்று சேராது. பூட்டி நிற்கிற கட்டிலில் ஒரு சட்டம் மற்றதை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஆள் படுத்து எழும்புகிற கட்டிலை யாராவது கூட்டுவார்கள், துடைப்பார்கள், காலில் மண் ஏறினால் கண்டுவிடுவார்கள். ஒரு பொருளைக் காப்பாற்ற அதைப் பாவிப்பதுதான் வழி என்பது என் கட்சி. அம்மாவின் கட்சி வேறு: பாவிக்கத் தொடங்கினால் நாளடைவில் தன்னுடையதென்ற நினைப்பு வந்துவிடும். பலருக்கு வந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தவர். நானும் பார்த்தவன். அவர் சொல்வது பிழையென்று என்னால் நிறுவ முடியவில்லை. ஆனாலும் முப்பது வருடம் ஒருவரும் படுக்காத ஒரு கட்டிலுக்கு இனியும் காவல் இருப்பது, அந்த ஐயா வண்டிலில் ஏற்றி வந்த காரியத்துக்குச் செய்கிற மரியாதையாக எனக்குப் படவில்லை. அவர் படுப்பதற்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஓர் இளம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கைக்குழந்தை. நிலத்தில் மெத்தை. அவர்களிடம் கதை முழுவதையும் சொன்னேன். இது அன்பளிப்பு அல்ல, உரியவர்கள் வந்தால் கொடுக்க வேண்டும், வீடு மாறினால் எனக்கு அறிவிக்க வேண்டும் என்று சொன்னேன். கணவன் சற்று யோசித்தான். மனைவி, “அப்ப நாங்களும் பாத்துக்கொள்ளுறம் அண்ணை” என்றாள். ஓடாவியார் போய்ப் பூட்டிக் கொடுத்தார். எழுத்துகளின்படியே தெற்கே தலை வரும்படி போட அந்த அறையில் இடமிருந்தது. என் தொலைபேசி இலக்கத்தை வீட்டை வாங்கியவரிடமும் கிராம அலுவலரிடமும் கொடுத்திருக்கிறேன்.

சீதனக் கட்டிலை ஓடாவியாரே கூலியில் கழித்து எடுத்துக்கொண்டார். அது எங்கே போயிற்று என்று அம்மா கேட்கவில்லை. வேப்பங்கட்டிலைப் பற்றி மட்டும் வெள்ளவத்தையிலிருந்து கிழமைக்கு ஒருக்கால் சண்டை வரும். நான் செய்தது பிழை, எழுத்தில் வாங்கியிருக்க வேணும், அவை வந்தால் எந்த முகத்தோடு நிற்கிறது என்று தொடங்கும். எழுதி வாங்கச் சம்மதித்திருக்கிறேன். கடைசி அழைப்பில் அதையும் பேசி முடித்த பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “காலுக்குக் கிண்ணம் வைச்சிருக்கினமோ, இல்லையோ?”