வெள்ளையும் ஒரு நிறம்

சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பது அறப் பிரச்னை ஆகுமா? ஆகாது என்றுதான் சென்ற வருஷம் வரை சொல்லியிருப்பேன். ரஸனை சம்பந்தப்பட்டது, அதிலும் கீழ்த்தட்டு, என்று ஒதுக்கியிருப்பேன். கவிதையில் அலங்காரத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறவன் நான். வீட்டுக்கும் அதே நியாயம்தான் என்று நினைத்தேன். ஆவடியில் என் தகப்பனார் கட்டிய இரண்டு அறை வீட்டின் சுவர்கள் இருபது வருஷமாக வெள்ளை.

அதற்கு முன் நாங்கள் இருந்தது டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில். 1965ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை; அப்பா அங்கே ஃபிட்டர். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வெளிர் மஞ்சள். 1955ல் இதே ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ், சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்த ஒரே நிறச் சுவர்களில் தீர்மானத்தின் நிழல் விழுந்திருப்பதாக எனக்கு ஒரு காலத்தில் பெருமை. அடுத்த வீட்டைவிட நம் வீடு உசத்தி என்று சுவர் சொல்லாதிருப்பது சின்ன விஷயமல்ல.

இந்தப் பெருமைக்கு வெளிநாட்டுச் சாட்சிகளும் கிடைத்தார்கள். வியன்னாவில் அடால்ஃப் லூஸ் அலங்காரத்தையும் குற்றத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்துவைத்தார். லெ கொர்பூஸியே 1925ல் ஒரு சட்டமே பிரேரேபித்தார்: ஒவ்வொரு பிரஜையும் திரைச்சீலை, சுவர்க்காகிதம் எல்லாவற்றையும் களைந்துவிட்டு வெள்ளை ரிப்போலின் பூச வேண்டும்; வீடு சுத்தமானால் மனமும் சுத்தமாகும். வெள்ளை அவருக்கு வெறும் வர்ணம் அல்ல, நீதி. அதே மனிதர் 1931ல் ஸலுப்ரா கம்பெனிக்காக 43 நிறங்களில் சுவர்க்காகிதம் தயாரித்துக் கொடுத்தார். லூஸும் தன் கட்டிடங்களில் ரேகை ஓடிய பளிங்கைத் தாராளமாகப் பதித்தவர்தான். முரண்பாடு என்று கேலி செய்யலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது: வெள்ளையும் ஒரு தேர்வு, ஒரு பாவனை. இந்த ஞானம் நம்மிடமே உண்டு. தண்டியலங்காரத்தின் பொருளணிகள் 35ல் முதலாவது தன்மையணி. உள்ளதை உள்ளபடி சொல்வதும் அணிதான். எளிமை அலங்காரத்துக்கு வெளியே நிற்பதில்லை. வரிசையில் முதலில் நிற்கிறது. ஆங்கில பி.ஏ.க்காரனான எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

சென்ற வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீலத்தை வடிகட்டிவிடுகிறது. அதை எடுத்ததும் நீலம் திரும்பி வருகிறது. 1923ல் ஓவியர் மோனேக்கு நடந்ததும் இதுதான். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அம்மா சுவரைப் பார்த்தாள். "ஏண்டா, இவ்வளவு அழுக்குலயா இருந்தோம்?" என்றாள். சில மாதம் கழித்து, கூடத்துக்கு மயில்கழுத்து நிறம் வேண்டும் என்றாள். புடவைக்குச் சொல்கிற நிறம்.

நான் வாதாடினேன். அறை சிறியது, ஒரே ஜன்னல், அடர்ந்த நிறம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அட்டையில் இரண்டு அங்குலத்தில் பார்க்கிற நிறம், நாலு சுவரில் ஏறியதும் ஒன்றையொன்று பிரதிபலித்து இன்னும் கனக்கும். எல்லாம் சரியான வாதங்கள். சொல்லாத காரணம் வேறு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. ரிடையரானபின் அப்பா அங்கே சாய்ந்து உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அவர் போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு ஒருமுறை வெள்ளையடித்தபோது அந்த இடத்தைத் தொடவிடவில்லை.

பெயிண்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ப்ரைமர் அடிச்சுப் பட்டி பார்க்கணும் சார். இல்லேன்னா எண்ணெய் மேல வந்துடும்." நான் பேசாமல் நின்றேன். அம்மா சொன்னாள்: "தேய்க்கட்டும். அவர் இருந்தப்பவே, துண்டைப் போட்டுக்கிட்டு சாயுங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

அலங்காரத்தை வெறுத்த நான் ஒரு கறையை அலங்காரமாக வைத்திருந்தேன். அவளுக்கு அது தினசரிச் சண்டை, எனக்குக் கவிதை. நான் காலையில் ரயிலேறிப் போய் இரவு திரும்புகிறவன். பகல் முழுவதும் அந்தச் சுவரோடு இருப்பவள் அவள். எளிமை என்ற பெயரில் நான் காப்பாற்றிவந்தது உண்மையை அல்ல, என் பார்வையை. லெ கொர்பூஸியேயின் சட்டத்தில் கோளாறு வெள்ளையில் இல்லை. 'ஒவ்வொரு பிரஜையும்' என்பதில் இருக்கிறது. சமத்துவம் என்பது எல்லாச் சுவரும் ஒரே நிறமாவது அல்ல. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் ஒரு வோட்டு இருப்பது.

அப்படியானால் ரஸனைக்கு அளவுகோலே இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. ஆனால் கவிதை பிடிக்காதவன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். சுவரை யாரும் புரட்ட முடியாது. ஆகவே கவிதையில் நான் பிடிவாதமாக இருக்கலாம், கூடத்தில் முடியாது.

கடைசியில் ஒரு சுவர் மட்டும் மயில்கழுத்து என்று ஒப்பந்தம். கறை இருந்த சுவர். காலை வெயிலில் ஒரு நிறம் காட்டுகிறது, ட்யூப்லைட்டில் வேறு நிறம். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.