பதினோரு காலா

போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது அம்மா ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து வெளியே போட்டார். உள்ளே ஐந்து மீன்கள். மேலெல்லாம் பனி. செதில் ஓரங்கள் மஞ்சளாகக் காய்ந்திருந்தன.

"இது எப்போ பிடிச்சதுடா?"

மார்ச் மாதம். ஏழு மாதமாகிவிட்டது. அம்மா ஒன்றை முகர்ந்து பார்த்தார், தலையசைத்தார். பையை நான்தான் குப்பைக் குழாயில் போட்டேன். கிளமெண்டியில் எங்கள் வீவக வீடு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. அங்கிருந்து போடுகிற பை கீழே விழும் சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அன்று அதுவரை நின்று கேட்டேன்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

மார்ச்சில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து படகு வாடகைக்கு எடுத்தோம். ஆறு மணி நேரம், தெற்குத் தீவுகள் பக்கம். முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை. படகுக்காக என் பங்குக்குக் கொடுத்த காசை, இன்னும் பிடிக்காத மீன்களால் மனதுக்குள் வகுத்துக்கொண்டே இருந்தேன். பொறியாளன் புத்தி. பிறகு ஒரு காலாக் கூட்டம் வந்தது. நாற்பது நிமிஷத்தில் என் தூண்டிலில் மட்டும் பதினொன்று. பெரியதே என் முன்கை நீளம்தான் இருக்கும். ஒவ்வொன்று ஏறும்போதும் வகுத்தலின் விடை இறங்கியது. யாரும் போதும் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மீன் அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. இரண்டைக் குழம்பு வைத்தோம். மிச்சம் ஐந்து.

காலாவை இங்கே மலாய்க்காரர்கள் குராவ் என்பார்கள், சின்னதாக இருந்தால் செனாங்கின். ஆங்கிலத்தில் அதற்கு 'இந்தியன் சால்மன்' என்றும் ஒரு பெயர் உண்டு. சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிஜ சால்மனைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான் எனக்கு முதலில் உறைத்தது. 2024 ஜூனில் நார்வே தன் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நிறுத்தியது, மீன் வரத்து அவ்வளவு குறைந்திருந்தது. கலிபோர்னியாவில் 2023, 2024 இரண்டு ஆண்டும் கடலில் சால்மன் பிடிக்கத் தடை. 2025 ஜூனில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு முதலில் இரண்டே நாள் திறந்தார்கள், எல்லோருக்கும் சேர்த்து 7,000 மீன் என்ற அளவோடு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கிழக்குக் கரையில் கொடுவா பிடித்தால் 58 செ.மீ-க்குக் குறைந்ததையும் 120-க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது, பிறகு பட்டியலை நீட்டியது.

சிங்கப்பூரில்? எங்கே நின்று தூண்டில் போடலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மட்டும், அதுவும் செயற்கை இரையோடு. 2014-ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் கூடாது. ஆனால் கடலில் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவருக்கு உரிமம் வேண்டாம், எத்தனை, எவ்வளவு பெரியது என்ற கணக்கும் இல்லை. நான் அன்று எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நூறு பிடித்திருந்தாலும் மீறியிருக்க மாட்டேன்.

சட்டம் கேட்காத இடத்தில் யாருக்குப் பதில் சொல்வது?

*

என்னிடம் இருந்த முதல் சமாதானம் எல்லோரிடமும் இருப்பதுதான். என் பதினொன்றால் கடல் குறைந்துவிடுமா? இந்தத் தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளில் பாதிக்கு மேல் நில மீட்பில் போய்விட்டன. பாண்டான் நீர்த்தேக்கம் இருக்கும் இடத்தில் 1970-களுக்கு முன் சதுப்புநிலமும் ஆற்று முகத்துவாரமும் இருந்தன. குஞ்சு வளர்கிற இடங்களை மூடி அதன்மேல் வீடு கட்டிக் குடியிருக்கிற நான், ஒரு தூண்டிலைப் பற்றிக் குற்ற உணர்வு கொள்வது நடிப்பு இல்லையா?

டெரிக் பார்ஃபிட் 1984-ல் எழுதிய புத்தகம் ஒன்றில் ஒரு கற்பனை வரும். ஆயிரம் பேர் ஆயிரம் பேரைச் சித்திரவதை செய்கிறார்கள். முன்பெல்லாம் ஆளுக்கு ஒருவரை. இப்போது ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்த, அது ஆயிரம் பேருக்கும் வலியைத் துளியளவு கூட்டுகிறது. எந்த ஒரு அழுத்தலும் யாருக்கும் தனியாகத் தெரியாது. ஆயிரமும் சேர்ந்தால் பழைய வதையேதான். யாரும் யாரையும் உணரும்படி வதைக்கவில்லை, அப்படியானால் யாரும் தப்புச் செய்யவில்லையா என்று கேட்கிறார். தப்புதான் என்பது அவர் முடிவு. என் செயலை மட்டும் தனியாக நிறுத்துப் பார்ப்பதுதான் கணக்குப் பிழை.

இதைப் படித்தபோது பொத்தானைவிட எனக்குத் தூண்டில்தான் கண்ணில் வந்தது. என் பதினொன்று ஒன்றுமில்லை. அன்றைக்குத் தெற்கில் எத்தனை படகு நின்றது? ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒருவன் வகுத்துக்கொண்டிருந்திருப்பான். நில மீட்புச் சமாதானமும் இதனால் உடைகிறது. ஒரு கடலுக்கு ஏற்கனவே நிறைய நடந்துவிட்டது என்பது, இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்பதற்கான அனுமதி இல்லை. நோயாளி பலவீனமாக இருந்தால் கூடுதல் கவனம்தானே வேண்டும்.

*

இரண்டாவது சமாதானம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அப்படியானால் பிடித்துவிட்டு விட்டுவிடு. படம் எடு, அளந்து பார், தண்ணீரில் விடு. இங்கே இளம் தூண்டில்காரர்களிடம் இதற்குப் பெரிய மரியாதை இருக்கிறது. எனக்கும் இருந்தது.

சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பது 2009 முதல் சட்டப்படி தவறு. முதலில் சிரித்தேன். பிறகு அதன் நியாயம் புரிந்தது. 2003-ல் லின் ஸ்னெட்டனும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் தலையில் வலியைத் தூண்டும் விஷயங்களுக்குப் பதிலளிக்கும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீன் அதை நம்மைப் போல 'உணர்கிறதா' என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. உணரலாம் என்ற சாத்தியம் இருந்தாலே கேள்வி மாறிவிடுகிறது. சாப்பிடுகிறவனிடம் ஒரு காரணம் இருக்கிறது. படம் எடுத்துவிட்டு விடுகிறவனிடம் இருப்பது தன் சந்தோஷம் மட்டுமே.

பிடோக் ஜெட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றிருக்கிறேன். ஒரு வாளியும் பழைய ராடுமாக வருகிற முதியவர்கள், ஒரு நாள் விடுமுறையில் வருகிற நம்மூர்த் தம்பிகள். அவர்கள் வாளியில் கிடக்கிற சின்ன மீன்களைப் பார்த்து, விலையுயர்ந்த ரீல் வைத்திருக்கும் நான் மனதுக்குள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், அளவு பார்க்காமல் எடுக்கிறாங்களே என்று. அவற்றில் ஒன்றுகூட குப்பைக் குழாய்க்குப் போயிருக்காது. அன்று இரவே ரசத்துக்குப் பக்கத்தில் வறுவலாகியிருக்கும். தீர்ப்பு யார் மேல் விழவேண்டும் என்று இப்போது தெரிகிறது. நாளைக்கே ஒரு வரம்பு வந்தால் அது முதலில் இடிக்கப்போவது அந்த வாளிகளைத்தான், வாடகைப் படகுகளை இல்லை என்ற பயமும் எனக்கு உண்டு.

*

மூன்றாவதாக ஒன்று நடந்தது. அது சமாதானம் இல்லை.

தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாதம் தூண்டிலைத் தொடவில்லை. பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டு போனேன். இரண்டு மீன் மட்டும், மிச்சத்தை விட்டுவிடுவது. அன்றும் காலா வந்தது. மூன்றாவதாக வந்தது பெரிதாக இருந்தது, அளந்தேன், 61 செ.மீ. காலாவும் கொடுவாவும் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன்கள். ஆஸ்திரேலியாவின் அந்த மேல்வரம்புக்கு அர்த்தம் அதுதான், பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய். சின்னதை விடு, பெரியதை எடு என்று நாம் நினைப்பது இந்த மீன்கள் விஷயத்தில் பாதி சரி, பாதி தப்பு. ஆகவே பெருமையோடு அதைத் தண்ணீரில் விட்டேன்.

அது மல்லாந்தது. கொஞ்ச தூரம் வயிறு மேலாக மிதந்து போனது. ஒரு பருந்து வந்து இறங்கி எடுத்துக்கொண்டு போயிற்று. காலா கையாளத் தாங்காத மீன். கொக்கியைக் கழற்றி, அளவு நாடாவை விரித்து, படத்துக்குப் பிடித்து நின்ற அந்த ஒன்றரை நிமிஷம் அதற்குப் போதுமாக இருந்தது. என் கணக்கில் அது விடப்பட்ட மீன். கடலின் கணக்கில் அது மூன்றாவது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா இரண்டு மீனையும் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு போதும்னா ரெண்டு கிடைச்சதும் ஏன்டா மறுபடி போட்ட?"

"ஆறு மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கோம்பா."

"அப்ப நீ மீனுக்குப் போகல. காசுக்குப் போயிருக்க."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் என் விதியில் இருந்த ஓட்டை எது என்று தெரிந்துவிட்டது. எத்தனை எடுத்துப்போகிறோம் என்பதற்கு மட்டும் வரம்பு வைத்துக்கொண்டு, எத்தனையைத் தொடுகிறோம் என்பதைத் திறந்து வைத்திருந்தேன். எனக்கு இப்போது தோன்றுகிற வரம்பு இது: வேண்டியது கிடைத்ததும் கொக்கியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மிச்ச நேரம் கடலைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அது சும்மா இருக்கிற நேரமாகத் தோன்றினால், நாம் எதற்கு வந்தோம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இந்த முடிவைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். மீன் கூட்டம் வந்த பிறகு எடுக்கிற முடிவு முடிவு இல்லை, அப்போது கை மட்டும்தான் வேலை செய்யும்.

*

தனி ஆளின் உறுதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று சந்தேகமாகவும் இருக்கிறது. பொதுச் சொத்து என்றால் எல்லோரும் அள்ளி அழித்துவிடுவார்கள் என்று கேரட் ஹார்டின் 1968-ல் எழுதினார். அப்படியே ஆகவேண்டும் என்பதில்லை, பயன்படுத்துகிறவர்களே கூடி விதி வகுத்துக் காப்பாற்றிய இடங்கள் உண்டு என்று காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இது நமக்குப் புதிதில்லை. சோழமண்டலக் கரையில் பட்டினவர் ஊர்களில் எந்த வலை கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லும், மீறினால் அபராதம் போடும். அவர்கள் பிழைப்புக்குப் பிடிக்கிறவர்கள். நாளைக்கும் அதே கடலுக்குப் போகவேண்டியவர்கள். அவர்களுக்கு ஒரு ஊர் இருக்கிறது.

வாரக்கடைசித் தூண்டில்காரனுக்கு ஊர் இல்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பதினோரு காலா படம் போட்டால் கைதட்டல் வரும். மார்ச்சில் எனக்கு நிறைய வந்தது. போன மாதம் அதே குழுவில் இரண்டு மீனோடு ஒரு படம் போட்டு, "ரெண்டு கிடைச்சது, நிறுத்திட்டேன்" என்று எழுதினேன். ஒருவர், "என்ன ப்ரோ, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இன்னொருவர், எனக்குப் பழக்கமில்லாதவர், தனியாகச் செய்தி அனுப்பினார். அடுத்த தடவை சொல்லுங்க, நானும் வரேன் என்று.

அடுத்த சனிக்கிழமை போகிறோம். ஆளுக்கு இரண்டு என்று பேசியிருக்கிறோம். நாலாவது மீன் ஏறியதும் எங்களில் யார் முதலில் தூண்டிலைச் சுருட்டுவார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.