மறுவீழ்ச்சியும் நாட்கணக்கும்

ஈராண்டுக் காலம் மதுவை அண்டாமல் வாழ்ந்த ஒருவர் ஓர் இரவில் மீண்டும் குடித்துவிட்டால், அதை நிறுத்தும் நாள் அவருக்கு முதல் நாளா, 731ஆம் நாளா என்ற கேள்வி வெறும் கணக்குச் சிக்கல் அன்று. முதல் நாள் என்று விடை கூறினால், அவர் பட்ட பாடு அனைத்தும் ஒரு குவளையில் கரைந்துபோனதாக ஒப்புக்கொள்ள நேரும். 731ஆம் நாள் என்று கூறினால், குடித்த இரவு நடக்கவே இல்லை என்னும் பொய்க்கு இடம் கொடுக்க நேரும். இவ்விரண்டுக்கும் இடையில் அவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் எதைக் கடன்பட்டிருக்கிறார் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. குடியை நிறுத்தியவர் ஒருமுறை இடறுவதைச் 'சறுக்கல்' என்றும், அச்சறுக்கல் நீண்டு பழைய குடிக்கே முழுமையாகத் திரும்பிவிடுவதை 'மறுவீழ்ச்சி' என்றும் இக்கட்டுரை குறிக்கும். இப்பிரிவை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். ஜூடித் கோர்டனுடன் இணைந்து 1985இல் அவர் வெளியிட்ட நூலின் மையக் கருத்துகளுள் ஒன்றை 'விரத முறிவு விளைவு' என்று தமிழில் சொல்லலாம். விரதம் இருப்பவர் நண்பகலில் கை தவறி ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, முறிந்தது முறிந்ததுதானே என்று மாலைக்குள் இலை போட்டு உண்டுவிடுவதைப் போல, ஒரு குவளை அருந்தியவர் தம்மைத் தோற்றவராகத் தீர்மானித்து, அந்தக் குற்றவுணர்ச்சியின் சுமை தாளாமலே புட்டியை முடிக்கிறார். எனவே தன்னை வெறுப்பது ஒழுக்கத்தின் அடையாளம்போலத் தோன்றினாலும், செயலளவில் அது அடுத்த குவளைக்கு வழிவிடும் கதவாக அமைந்துவிடுகிறது.

ஆனால் அதனால் குற்றமே இல்லை என்று ஆகிவிடுமா? குடிச்சார்பை நோய் என்று ஏற்பவர்கள் இங்கே ஓர் ஒப்புமையை முன்வைப்பதுண்டு. போதைச் சார்பிலிருந்து சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்துகின்றனர் என்றும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றில் நோய் திரும்பும் அளவு 50 முதல் 70 விழுக்காடு என்றும் அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் எடுத்துக்காட்டுகிறது. மாத்திரையை விட்டு மூச்சுத்திணறலோடு வரும் ஆஸ்துமா நோயாளியை எந்த மருத்துவரும் ஒழுக்கங்கெட்டவர் என்று திருப்பி அனுப்புவதில்லை. குடிநோயாளருக்கும் அந்த நீதி உரியதே. எனினும் இவ்வொப்புமை மருத்துவமனை வாசல்வரைதான் செல்லும். ஆஸ்துமா திரும்பும்போது பிள்ளையின் பள்ளிக் கட்டணம் காணாமற் போவதில்லை.

இங்கு அரிஸ்டாட்டில் துணைக்கு வருகிறார். நிகோமாகிய அறவியலின் ஏழாம் நூலில் அவர் இருவகை மனிதரைப் பிரிக்கிறார்: இன்பத்தை நல்லதென்றே கருதித் தேர்ந்து, பின் வருந்தாதவர் ஒருவர்; தீதென அறிந்தும் ஆசையால் இழுபட்டு, பின் வருந்துபவர் மற்றொருவர். பின்னவர் நிலையைக் குறிக்கும் 'அக்ரசியா' என்ற கிரேக்கச் சொல்லைத் தன்னடக்கம் தளர்தல் எனலாம். முன்னவரின் தீமையை நீங்காமல் உடலை அரிக்கும் நோய்க்கும், பின்னவரின் தீமையை விட்டுவிட்டு வரும் வலிப்புக்கும் அவர் ஒப்பிடுகிறார்; வருந்துபவரே திருந்தக்கூடியவர் என்பது அவர் முடிபு. அவரே மூன்றாம் நூலில், குடிவெறியில் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை ஏற்புடன் குறிப்பிடுகிறார், ஏனெனில் வெறியேறாமல் இருப்பது அவர் கையில் இருந்தது. இரண்டும் முரண்போலத் தோன்றினாலும் பொறுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதை அவை சேர்ந்து காட்டுகின்றன. வேட்கை உச்சத்தில் நின்று குவளையை ஏந்தும் நொடியில் தேர்வு மிகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு முந்திய நாட்களில், சிகிச்சை மாத்திரையைத் தள்ளிப்போட்டபோதும், குடியை விட்டோர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தபோதும், சம்பள நாளன்று பழைய கூட்டாளியுடன் சுற்றுவழியில் வீடு திரும்பியபோதும், அது விரிந்தே இருந்தது. குடித்த பின்னும் அது மீண்டும் விரிகிறது: சொல்வதா, மறைப்பதா? அறக்கணக்கின் பெரும்பகுதி இந்த முன்னிலும் பின்னிலும் எழுதப்படுகிறதே அன்றிக் குவளையில் அன்று.

(தமிழ்நாட்டில் அந்தச் சுற்றுவழியைச் சுருக்கியதில் அரசுக்கும் பங்குண்டு. 1983இல் தோன்றிய அரசின் டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தானே நடத்திவருகிறது. விற்பவரும் சிகிச்சை அளிப்பவரும் ஒருவரே ஆகும் இடத்தில், சறுக்கியவரின் மன உறுதியை மட்டும் அளந்து தீர்ப்பெழுதுவது அரைநீதிதான்.)

மறைப்பைப் பற்றிச் சற்று விரித்தே பேச வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் குடியை விடுதல் பெரும்பாலும் சத்தியத்தின் வடிவில் நிகழ்கிறது: பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்வது, சூடத்தை அணைப்பது, கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் இருப்பது. இவற்றின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாலை கழுத்தில் இருக்கும்வரை குடியை நினையாதவர் பலர் உண்டு. ஆயினும் சத்தியம் முறிந்தால், குடித்தது ஒரு குற்றம், தெய்வத்துக்கோ பிள்ளைக்கோ செய்த துரோகம் இன்னொரு குற்றம் என்று சுமை இரட்டிக்கிறது. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் குடித்துவிட்டேன் என்று சொன்னால், பிள்ளைக்கு வரும் காய்ச்சலுக்கும் அவரே பொறுப்பாளி ஆகிவிடுவார். ஆகவே அவர் வாய் திறப்பதில்லை. பாக்கு மென்று வாசனையை மறைக்கும் அந்த இரவில்தான் சறுக்கல் மறுவீழ்ச்சியாக மாறத் தொடங்குகிறது. உண்மை சொல்வதற்கு இவ்வளவு பெரிய விலையை வைக்கும் உறுதிமொழியை வாங்குபவரும், தாம் அறியாமலே அந்தப் பொய்யில் பங்கு கொள்கிறார்.

குடும்பம் மறைப்பின் வழியில் இறங்குவதும் உண்டு. 1940களில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படத் தொடங்கிய டைசல்பிரம் என்னும் மருந்து, உடலில் மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடைத் தேங்கவைத்து, முகச் சிவப்பு, படபடப்பு, வாந்தி முதலியவற்றை உண்டாக்கும். சிலவேளை உயிருக்கே தீங்காகும். அதைக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் மனைவியின் நிராதரவு புரிந்துகொள்ளத்தக்கதே, ஆனால் செயல் தவறானது. உடலுக்கு வரும் ஆபத்து ஒருபுறமிருக்க, நேர்மையை மீட்கவேண்டிய வீட்டில் அது புதியதொரு வஞ்சனையை நடுகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருப்பதால், நோயாளரின் ஒப்புதல் என்பது சட்டம் வழங்கிய உரிமையும் ஆகும்.

இனி நாட்கணக்குக்குத் திரும்பலாம். குடியை நிறுத்துவோர் ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் கடைசிக் குடிக்குப் பின்னரே நாள் எண்ணப்படுவது வழக்கம். கொடியது என்று இதனைக் கண்டிப்போர் அவ்வமைப்பின் பிறப்பைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935 மே மாதம் தம்முடன் அவ்வமைப்பை நிறுவிய பில் வில்சனைச் சந்தித்துக் குடியை நிறுத்திய அறுவை மருத்துவர் பாப் ஸ்மித், சில வாரங்களிலேயே அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குச் சென்று நிலைகுலையக் குடித்துத் திரும்பினார். அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் கைநடுக்கம் அடங்க அருந்திய பீரே அவருடைய கடைசி மது. அந்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10ஐயே அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. 1950இல் இறக்கும்வரை அவர் மீண்டும் குடிக்கவில்லை. ஒரு மறுவீழ்ச்சி முடிந்த நாளிலிருந்தே ஓர் இயக்கம் தன் வயதை எண்ணுகிறது.

எண் நேர்மையானதுதான், ஆனால் அது அளப்பது இடைவிடாத விலக்கத்தை மட்டுமே, மனிதரை அன்று. உடலும் பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1976இல் மதுச்சார்பின் கூறுகளை வகுத்தபோது, நெடுங்கால விலகலுக்குப் பின் குடிப்பவரிடம் பல ஆண்டுகளில் உருவான சார்பு மிகக் குறுகிய காலத்தில் மீள்வதையும் ஒரு கூறாகச் சேர்த்தனர். ஆகவே அவர் புதிதாகக் குடிக்கத் தொடங்கியவரைப் போன்றவர் அல்லர். அதேபோல் மாலை ஆறு மணியைக் கடக்கும் வழியும், திருமண வீட்டில் மறுக்கும் விதமும், தூக்கம் வராத இரவை வேட்கை என்று தவறாக எண்ணாத தெளிவும் 730 நாளில் கற்றவை, அவையும் அழிவதில்லை. முதன்முறை நிறுத்துபவருக்கு இல்லாத ஒன்றும் இவரிடம் இருக்கிறது: எந்த இடத்தில் தரை வழுக்கியது என்ற அறிவு. அதைத் தேடிக் கண்டு சொல்வது அவருடைய முதற்கடமை. தள்ளாட்டத்துடன் தனியே நிறுத்த முயலாமல் மருத்துவரிடம் செல்வது இரண்டாவது, ஏனெனில் தொடர்ந்து குடித்த பின் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஹெராயின் போன்ற அபினிவகைகளில் ஆபத்து வேறு வகையானது: விலகியிருந்த காலத்தில் தாங்கும் திறன் குறைந்துவிடுவதால் பழைய அளவே உயிரைப் பறிக்கலாம்.

எத்தனை முறை விழுந்தாலும் மீண்டும் தொடங்கும் உரிமை அவருக்கு உண்டு. அதை மறுக்க மருத்துவருக்கோ கூட்டத்துக்கோ உறவினருக்கோ அதிகாரம் இல்லை. நம்பப்படும் உரிமை அதனோடு சேர்ந்து வருவதில்லை. மன்னிப்பை நோயின் பெயரால் கேட்டுப் பெற முடியாது. மூன்றாம் முறையும் காத்திருக்க இயலாமல் தாய்வீடு சென்ற மனைவி இரக்கமற்றவர் ஆகமாட்டார், தங்கியிருப்பவர் அதனாலேயே ஏமாளியும் ஆகமாட்டார். ஏடிஎம் அட்டையை மனைவியிடமே ஒப்படைத்துவிட்டுச் சிகிச்சைக்குச் செல்பவர், அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்கக் கூடாது. அந்த நாளைக் குறிக்கும் உரிமை மனைவியுடையது.